பத்தொன்பதாவது வீடு

நான் கணக்கு வாத்தியார். திண்டுக்கல்லில் ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் அல்ஜீப்ரா நடத்தியவன். பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது. அப்படியிருந்தும் பத்தொன்பது வீடு உள்ள ஒரு பட்டியலில் பதினெட்டை மட்டும் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டு, அதை ஒரு நல்ல காரியம் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வீட்டைப் பற்றி இப்போதாவது எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டதால்தானே இவ்வளவும் வந்தது.

என் மனைவி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். மகன் வெளியூரில் விடுதியில் படித்துக்கொண்டிருந்தான். பிறகு வேலை என்று பெங்களூருக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். ஒரே ஒரு ஆளுக்கு உலை வைப்பது எவ்வளவு கேவலமான வேலை என்பது வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கத்தரிக்காயை நறுக்கினால் அதுதான் அன்றைய வெஞ்சனம். சாயங்காலம் வந்து பூட்டைத் திறக்கும்போது, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போவேன். எதற்கு நிற்கிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வரும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாதா கோயில் பங்குக்கு ஓர் இளம் சாமியார் வந்தார். என் பழைய மாணவர்கள் வயதுதான் இருக்கும். ஓட்டை டி.வி.எஸ். வண்டியில் சந்துபொந்தெல்லாம் சுற்றுவார். விடுதலை இறையியல் படித்தவர். பாவம் என்பது மனசுக்குள் மட்டும் ஒளிந்திருப்பதில்லை, நாம் தெருவைப் போட்டிருக்கிற விதத்திலும், கொடுக்கிற கூலியிலும், கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் எழுப்பியிருக்கிற சுவரிலும் இருக்கிறது என்று பிரசங்கத்தில் சொன்னார். கடவுள் நடுவில் நின்று தராசு பிடிக்கிறவர் இல்லையாம், மிதிபடுகிறவன் பக்கம் சாய்ந்து நிற்கிறவராம். தெருவில் அவருக்குக் கம்யூனிஸ்ட் சாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அவர் பேச்சு ரொம்பப் பிடித்தது. பிரசங்கத்தில் யாரையோ திட்டும்போது அந்த யாரோ நாம் இல்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

அவர் தெருவுக்குத் தெரு அன்பியம் ஆரம்பித்தார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு வீட்டில் கூட வேண்டும். பைபிளில் கொஞ்சம் வாசித்து, அதைத் தங்கள் பிழைப்போடு சேர்த்துப் பேசி, ஜெபம் சொல்லி, அந்த வீட்டில் போட்டுத் தரும் டீயைக் குடித்துவிட்டுக் கலைய வேண்டும். இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் அடுத்த வீடு என்று முறை வைத்துச் சுற்றி வரும். முறை வராத வீடு இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே சட்டம். எங்கள் தெருவுக்குப் புதன்கிழமை. ஒண்டிக்கட்டை, எழுதப் படிக்கத் தெரிந்தவன், நாற்பது பக்க நோட்டு வீட்டில் கிடக்கும் என்பதால் என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். புதன்கிழமை வந்தால் எனக்குப் பொங்கல் வந்த மாதிரி இருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது நாலு பேரோடு உட்கார்ந்து டீ குடிக்கலாமே.

எங்கள் அன்பியத்தில் பத்தொன்பது வீடு. பதினெட்டு எங்கள் தெருவில் இருந்தன. பத்தொன்பதாவது, தெரு முடிந்து சாக்கடையைத் தாண்டினால் வரும் சந்தில் இருந்தது. அந்த வீட்டில் ஓர் அம்மா இருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். புருசன் செத்து, ஒரே மகளை வைத்துக்கொண்டு பிழைத்தார். எங்கள் தெரு ஒரு சாதி, அவர் வேறு சாதி. சாதிப் பெயரை எழுத மாட்டேன். எழுதாவிட்டாலும் திண்டுக்கல்காரர்களுக்குப் புரியும். ஞானஸ்நானம் எல்லோருக்கும் ஒரே தொட்டியில்தான் கொடுத்தார்கள், புதைத்தது மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.

பட்டியல் எழுத உட்கார்ந்தபோது பதினெட்டு வீடும் கடகடவென்று விழுந்தன. கம்பவுண்டர் வீடு முதலில், பிறகு தையல்காரர் வீடு, பால் டிப்போக்காரர் வீடு, இப்படி. பத்தொன்பதில் பேனா நின்றது. யோசித்தேன். அங்கே கூட்டம் வைத்தால் எங்கள் தெரு ஆட்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். வந்தவர்களும் டீயைத் தொட மாட்டார்கள். சர்க்கரை வியாதி, வயிறு சரியில்லை, இப்பத்தான் குடித்தேன் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த அவமானம் அவருக்கு எதற்கு? ஒரே அறை வீடு, இத்தனை பேர் உட்கார இடம் ஏது? நாமே பார்த்து விட்டுவிடுவதுதான் மனிதத்தன்மை என்று முடிவு செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு என் மனசு குளிர்ந்து போயிருந்தது. ஓர் ஏழைக்கு அவருக்கே தெரியாமல் உதவி செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என்னைப் பற்றி எனக்கு அப்படியொரு உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததற்குக் காரணம் உண்டு. பேகம்பூர்ப் பக்கம் தோல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவர் எனக்கு நெருங்கிய சிநேகிதர். நோன்பு மாதம் முழுக்க அவர் வீட்டிலிருந்து எனக்குக் கஞ்சி வரும். சில நாள் நானே போய், அவர் நோன்பு திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டு வருவேன். தை மாதத்தில் பழனிக்கு நடந்து போகும் முருக பக்தர்களுக்கு அவரும் நானும் சேர்ந்து ரோட்டோரம் மோர்ப் பந்தல் போடுவோம். ஒரு துலுக்கரும் ஒரு வேதக்காரரும் காவடிக்கு மோர் ஊற்றுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் சமய நல்லிணக்கம் என்றால் என்னைத்தான் மேடையில் ஏற்றுவார்கள். நானும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஏறுவேன்.

பாய்க்குக் குசும்பு ஜாஸ்தி. ஒரு நாள் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, உங்கள் சொர்க்கத்தில் என்னை விடுவார்களா சார் என்று கேட்டார். நல்லவன் எந்த வேதத்தில் இருந்தாலும் கடவுள் தள்ள மாட்டார், உங்களுக்கு நான் சிபாரிசு பண்ணுகிறேன் பாய் என்றேன். அப்போது நான் சொன்னதை மனசார நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். யார் யாருக்குச் சிபாரிசு பண்ண வேண்டும் என்பதில்தான் சந்தேகம்.

தவக்காலத்தில் அன்பியம் ஆரம்பித்தது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் நான் எழுந்து, அடுத்த புதன் இன்னார் வீட்டில் என்று அறிவிப்பேன். பட்டியல் என்னிடம் மட்டும் இருந்தது. அந்த அம்மா ஒரு வாரம் தவறாமல் வந்தார். ஷாப் விட்டு வீட்டுக்குப் போய்க் குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்து, கதவோரம் உட்கார்ந்துகொள்வார். சுண்ணாம்பும் ஆவாரம் பட்டையும் ஊறி ஊறி அவர் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும். ஒரு தடவை, கடவுள் எல்லோருக்கும் தகப்பன் என்று கம்பவுண்டர் நீட்டி முழக்கியபோது, அப்படியென்றால் நாமெல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகளா என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டேன்.

என் வீட்டு முறை வந்தபோது தடபுடல் பண்ணினேன். மனைவி சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர் இரண்டு டஜன் பரணில் இருந்தது. இறக்கிப் புளி போட்டுத் துலக்கினேன். பிந்தி வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்று கடையில் ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் கப்பும் வாங்கி வைத்தேன். டீ நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தனை பேரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது எனக்கு அழுகை வந்தது. அவள் இருந்திருக்கலாம்.

இப்படிப் பதினெட்டு வாரம் முடிந்து, பத்தொன்பதாவது வாரம் மறுபடி கம்பவுண்டர் வீடு என்று அறிவித்தேன். அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது கல்லறைத் திருநாள் வந்தது. மனைவியின் கல்லறையில் செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுதிரி அணைந்து அணைந்து போக, கையால் மறைத்துக்கொண்டு குனிந்து நின்றேன். நிமிர்ந்தால் இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா, தன் புருசனின் மண்மேட்டுக்கு முன்னால் அதே மாதிரி குனிந்து நின்றார். காற்று அவருடையதையும் அணைத்துக்கொண்டுதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரோரம் வந்தார்.

"வாத்தியாரே, எங்க வீட்டு முறை எப்ப வருது?"

"வரும்மா. இந்தச் சுத்து முடியட்டும்."

"வீட்டுக்கு வெள்ளையடிச்சிருக்கேன். அதான் கேட்டேன்" என்றார்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, செத்துப்போன என் மனைவிக்கு முன்னால், கூசாமல் பொய் சொன்னேன். அந்தச் சுற்றும் முடிந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாவது சுற்று மறுபடி கம்பவுண்டர் வீடு என்று நான் சொன்ன அன்றைக்கு, அந்த அம்மா டீ வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது இன்னொரு பொய். அப்பாடா என்று இருந்தது.

கொஞ்ச நாளில் அந்தச் சாமியாரை மலைமேல் ஒரு சின்னப் பங்குக்கு மாற்றிவிட்டார்கள். கூலி, கல்லறைச் சுவர் என்று அவர் பேசியது பெரிய மனிதர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். போவதற்கு முன் எல்லா அன்பிய நோட்டையும் பார்த்தார். என் நோட்டைப் புரட்டி, விரலால் எண்ணி, ஒரு வீடு குறைகிறதே சார் என்றார். நான் என் நியாயத்தையெல்லாம் சொன்னேன். அந்த அம்மாவை அவமானத்திலிருந்து காப்பாற்றத்தான் விட்டேன் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை.

"அவங்களை நீங்க காப்பாத்தல சார். டீயைத் தொடாத ஆளுகளைக் காப்பாத்திட்டீங்க. அந்த ஆளுக வெக்கப்பட வேண்டிய இடம் அது. அதுக்கு வழியே இல்லாமப் பண்ணிட்டீங்க" என்றார். "நானும் இம்புட்டு நாளா எண்ணிப் பாக்காம விட்டுட்டேனே" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவர் போய்விட்டார். எனக்கு ரோஷம் வந்தது. அந்தப் புதன்கிழமையே கூட்டத்தின் முடிவில் எழுந்து, குரலை உயர்த்தி, அடுத்த வாரம் சந்து வீட்டில் அன்பியம், இயேசுவின் பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று அறிவித்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டேன் என்று வீடுவரை மிதந்துகொண்டு போனேன்.

அடுத்த புதன் ஆறரை மணிக்குப் பைபிளை இடுக்கிக்கொண்டு சந்துக்குப் போனேன். தெரு ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். ஷாப்பில் வேலை ஜாஸ்தி, வர நேரமாகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அந்த அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. அவர் வீட்டில் கூட்டம் என்று ஊருக்கே சொன்னவன், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் பாயிடம் போய் என் தியாகத்தைச் சொல்லிப் புலம்பினேன். தெரு என்னைப் பகைத்துவிட்டது, கம்பவுண்டர் நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார், இத்தனைக்கும் அந்த அம்மா வீட்டில்கூட இல்லை என்றேன். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். விருந்தாளி வருகிறார் என்று வீட்டுக்காரரைத் தவிர எல்லோருக்கும் சொல்லியிருக்கிறீர்களே என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்.

"எனக்குச் சொர்க்கத்துல எடம் குடுத்தீங்க சார். அந்தம்மாவுக்குத் தெருவுல ஒரு புதன்கெழமை குடுக்க முடியல உங்களால. எங்க ஆளுக யோக்கியம்னு சொல்ல வரல. அந்தம்மா கையில பட்ட தோலை வித்துத்தான் நானும் சாப்பிடுறேன், ஒரு நாள் வீட்டுக்குள்ள கூப்புட்டதில்ல. ஆனா நான் மேடையேறிப் பேசுறதில்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்று குத்தியது. குத்தினால் திருந்திவிடுவார்கள் என்பதெல்லாம் பிரசங்கத்தோடு சரி. நான் முறைத்துக்கொண்டேன். இந்த அம்மாவுக்காகத்தானே தெருவைப் பகைத்தேன், ஒரு நன்றி உண்டா என்று வீம்பு வேறு. கோயிலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்பியத்துக்குப் போவதை நிறுத்தினேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை. வருடங்கள் ஓடின. ரிட்டயர் ஆனேன். பாய் மண்டியை மூடிவிட்டு மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். ஒரு நோன்பு மாதம் கஞ்சி வராமலேயே போனது. அந்த மாதம் முழுக்கச் சாயங்காலம் ஆனால் கேட்டைத் திறந்து திறந்து பார்த்தேன். மகன் ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்டீங்களா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பேன். அந்த வாரத்தில் நான் வாய் திறந்து பேசியது சில நேரம் அவ்வளவுதான்.

பிறகு ஓர் அக்டோபர் மாதம். ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபத்தை, அதுதான் சிலையை, ஒரு நாளைக்கு ஒரு வீடாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு நாள் இரவும் பகலும் மாதா நம் வீட்டில் இருப்பார். எங்கள் தெருவில் என் பக்கத்து வீடுவரை வந்துவிட்டது. அடுத்தது என் வீடுதான். வீட்டைக் கூட்டிக் கழுவினேன். நடுக்கூடத்தில் மேசை போட்டு, மனைவியின் பட்டுச்சேலையை மடித்து விரித்து, மல்லிகைப்பூ வாங்கி வைத்தேன். டம்ளர்களைத் துலக்கினேன். சாயங்காலம் பாட்டுச் சத்தம் கேட்டது. கிட்டத்தில் வந்தது. என் வாசலைத் தாண்டி எதிர் வீட்டுக்குள் போனது.

நான் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டடியில் நின்றேன். கடைசியாக வந்த கம்பவுண்டர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "நீங்க ஒத்த ஆளு, உங்களைப் போட்டு எதுக்குச் சிரமப்படுத்தணும்னுதான் சார் விட்டுட்டோம்" என்றார். அவர் முகத்தில் விஷமம் இல்லை. எனக்கு நல்லது செய்த திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியை எனக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளே வந்து பூ வைத்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பதினெட்டு வாரம், பிறகு இன்னொரு பதினெட்டு வாரம், அந்த அம்மா இப்படி எத்தனை தடவை வீட்டைக் கூட்டி வைத்துவிட்டு வந்து, அடுத்தது தன் வீடு என்று நான் சொல்வேனா என்று உட்கார்ந்திருப்பார் என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்குப் போட எட்டு வருடம் ஆகியிருந்தது.

அடுத்த புதன்கிழமை சந்துக்குப் போனேன். இந்தத் தடவை வீடு திறந்திருந்தது. அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டிருந்தது. ஷாப் வேலையை விட்டுவிட்டார். முட்டி வலி. சுவரில் வெள்ளையடித்தது மங்கி உதிர்ந்திருந்தது. ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு, எதுக்கு வந்தீக வாத்தியாரே என்று கேட்டார். நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதையெல்லாம் சொன்னேன். பட்டியலில் எழுதாமல் விட்டது, கல்லறைத் தோட்டத்தில் பொய் சொன்னது, கேட்காமல் கூட்டம் அறிவித்தது, எல்லாம்.

"தெரியும். பதினெட்டு வீடு முடிஞ்சு திரும்ப மொத வீடுன்னா, படிக்காதவளுக்கும் அந்தக் கணக்குத் தெரியும்" என்றார்.

"மன்னிச்சுருங்க."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா நீங்க போயி நிம்மதியாப் படுத்துருவீக. நான் புதனுக்குப் புதன், அடுத்தது எங்க வீடுதான்னு வீட்டைக் கூட்டி வச்சுட்டு வந்து உங்க வாயைப் பாத்து ஒக்காந்திருந்தேனே, அதை என்ன பண்ண?"

அவர் அடுப்படிப் பக்கம் போனார். டீ கொதிக்கும் சத்தம் கேட்டது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து துணியில் சுற்றிய ஒரு மூட்டையை இறக்கிப் பிரித்தார். உள்ளே ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் கப். உறைகூடப் பிரிக்காமல் மஞ்சள் பாரித்துப் போயிருந்தது. அதைப் பிய்த்து, விரிசல் விடாத ஒன்றாகப் பார்த்து எடுத்து, டீயை ஊற்றி என்னிடம் நீட்டினார். தனக்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டார்.

"எங்க டம்ளர்ல நீங்கள்லாம் வாய் வைக்க மாட்டீக. உங்க வீட்டுல எனக்கு இதுலதானே குடுத்தீக. சரி, வழக்கம் இதுதான் போலன்னு, அதே மாதிரியாப் பாத்து அப்பவே வாங்கி வச்சேன்" என்றார்.

கப் என் கையில் இருந்தது. பிந்தி வருகிறவர்களுக்கு என்று நான் வாங்கிய கப். பிந்தி வந்தது அவர் ஒருவர்தான். ஷாப் விட்டுக் குளித்துவிட்டு வர நேரமாகும். ஆனால் என்னிடம் இருந்தது இரண்டு டஜன் டம்ளர். வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. மிச்ச டம்ளர்கள் துலக்கின பளபளப்போடு அடுப்படியில் கவிழ்ந்து கிடக்க, என் கை அவற்றைத் தாண்டி அந்தப் பாக்கெட்டுக்குப் போயிருக்கிறது. பட்டியலில் விட்டதையாவது நான் யோசித்துச் செய்தேன். இதை யோசிக்கக்கூட இல்லை. பாய் வீட்டுக் கஞ்சிக் கோப்பையை வாயில் வைத்துக் குடித்த அதே ஆள்.

உங்க டம்ளர்லயே குடுங்களேன் என்று கேட்டேன்.

"இதுலயே குடிங்க. உங்களுக்குன்னு வாங்குனது வீணாப் போகக் கூடாதுல்ல."

"பாக்கெட்டுல அம்பது இருக்கேம்மா?"

"அதுக்கு நான் என்ன பண்ண? அடுத்த பொதனும் வாங்க" என்றார்.

போனேன். அதற்கடுத்த புதனும் போனேன். பைபிள் எடுத்துப் போகவில்லை. ஜெபம் எதுவும் சொல்லவில்லை. ஒரு கப் டீ, செத்த நேரம் பேச்சு. முட்டி வலிக்கு எந்த எண்ணெய் நல்லது, அவர் புருசன் எப்படிச் செத்தார், என் மனைவிக்கு என்ன குழம்பு பிடிக்கும், இவ்வளவுதான். என் மனைவியைப் பற்றி என்னிடம் கேட்டவர் அத்தனை வருடத்தில் அவர் ஒருவர்தான். குடித்து முடித்ததும் கப்பை வாங்கி நசுக்கிப் போட்டுவிடுவார். மன்னித்தேன் என்று சொல்லவே இல்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

பாதிப் பாக்கெட் தீர்ந்த சமயத்தில், வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிப் போய்விட்டாள். கிளம்புகிற அன்றைக்கு மிச்சக் கப்புகளை என் கையில் கொடுத்து, அங்கே வந்தால் எடுத்துக்கொண்டு வாங்க என்றார். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. நான் நிஜம் என்றே எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை சாப்பிட்டுவிட்டு, பையில் ஒரே ஒரு கப்பை வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஏறுவேன். ஒரு கப் டீக்கு இம்புட்டுத் தூரமா என்று மகள் முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அவளும் பழகிவிட்டாள். ஒரு வாரம் காய்ச்சலில் போகவில்லை. அதற்கடுத்த வாரம் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாக எடுத்துப் போனேன். போன வாரக் கப்பு எங்கே என்று கேட்டு வாங்கி, இரண்டிலும் டீ ஊற்றிக் கொடுத்தார்.

கடைசிக் கப்பை நான் கொண்டுபோனது ஒரு மழை நாள். குடித்து முடித்துக் கொடுத்தேன். நசுக்கிப் போட்டுவிட்டு, தீந்துச்சா என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். உள்ளே போய்த் தன் டம்ளரைக் கழுவி, இன்னொரு தடவை டீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். விளிம்பு சுட்டது. கீழே வைக்க மனசில்லாமல் வேட்டி முனையால் பிடித்துக்கொண்டு குடித்தேன். எதிரில் உட்கார்ந்து நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் அதைச் சொன்னார்.

"இனிமே நீங்க வரணும்னு இல்ல வாத்தியாரே."

"வரக் கூடாதா?"

"வரக் கூடாதுன்னு சொல்லல. வரணும்னு இல்லன்னேன்."

அந்த வாரம் எனக்கு நீளமாகப் போனது. இத்தனை நாளும் செய்த தப்புக்குத் தண்டனையாகத்தான் போய்வருகிறேன் என்று நினைத்திருந்தேன். தண்டனை முடிந்துவிட்டது, போகச் சொல்லிவிட்டார்கள், எனக்குப் போக இடம் இல்லை. இப்போது போனால் அது எதில் சேரும்? பரிகாரத்திலா, தருமத்திலா, ஊழியத்திலா? எந்தப் பத்தியிலும் எழுத முடியவில்லை. எனக்கு அங்கே போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை வந்தது. சாப்பிட்டுவிட்டுச் சட்டையை மாட்டினேன். பழக்கத்தில் கப்பை எடுக்க அலமாரிக்குக் கையை நீட்டினேன். காலிப் பாலிதீன் உறைதான் இருந்தது. பையை ஆணியிலேயே மாட்டிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெறும் கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வத்தலக்குண்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட்டுக்குச் சில்லறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.